முகம் இல்லாத பாடுபட்ட சுரூபம்: அஸ்ஸி கோவிலில் ஆயர் செய்தது சரியா?

இரவுப்பணி எழுதியது:

முப்பத்தோரு ஆண்டு செவிலியராக இருந்தவள் நான். அதில் பதினோரு ஆண்டு காசநோய்ப் பிரிவில், பெரும்பாலும் இரவுப் பணி. கலை படித்தவள் அல்ல. சென்ற செப்டம்பரில் பிரான்சில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது ஒரே ஓர் இடத்துக்குத்தான் கூட்டிப்போகச் சொன்னேன். ஆல்ப்ஸ் மலையில், மோன் பிளாங் சிகரத்தைப் பார்த்தபடி இருக்கும் அஸ்ஸி. புனித பிரான்சிஸ் பிறந்த அசிசி அல்ல, இது வேறு ஊர்.

தாம்பரம் பக்கத்தில் ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் நிலைத்துவிட்டதல்லவா? அந்த மலைச்சரிவும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட காசநோய் மருத்துவமனைகளால் நிறைந்தது. மேரி கியூரி 1934-இல் கண்ணை மூடியது அங்கேதான். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த அந்த நோயாளிகளுக்காகத் தெவெமி என்ற சாமியார் ஒரு கோவில் கட்டத் தொடங்கினார். கட்டடக் கலைஞர் மொரீஸ் நொவாரினா. நடுவில் போர் வந்தது. கோவிலை அர்ச்சித்தது 1950 ஆகஸ்டில்.

அந்தக் கோவிலுக்குக் கலைஞர்களைத் தேடிக் கொடுத்தவர் மரி-அலேன் கூத்தூரியே என்ற தொமினிக்கன் துறவி. நம்பிக்கையும் மேதைமையும் ஒருவரிடமே இருந்தால் நல்லது, அப்படி ஆள் கிடைக்காவிட்டால் திறமையில்லாத பக்தனைவிட நம்பிக்கையில்லாத மேதையிடம் போவதே மேல் என்பது அவருடைய துணிபு. அப்படியே செய்தார். முகப்பில் மொசைக் செய்த லெஜே கம்யூனிஸ்ட். பீடத்துக்குப் பின்னால் தொங்கும் பெரிய திரையை வரைந்த லூர்சாவும் அதே அரசியல்தான். மாதா சுரூபம் செய்த லிப்ஷிட்ஸ் யூதர். முன்னோரின் மதத்துக்கு உண்மையாக இருக்கும் யூதன் நான், மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்காக இந்தக் கன்னியைச் செய்தேன் என்று அதன் மேலேயே பொறித்துவைத்தார். ஞானஸ்நானத் தொட்டி அருகே செங்கடலைத் தீட்டிய ஷகாலும் யூதர். மத்தீஸ், பொன்னார், பிராக் எல்லோருடைய கையும் அங்கே இருக்கிறது. வண்ணக் கண்ணாடிகள் கொடுத்த ருவோ ஊறிய கத்தோலிக்கர்.

நான் போனது ஜெர்மேன் ரிஷியே என்ற பெண் சிற்பி செய்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்க்க. சிறிய வெண்கலம். சிலுவையும் உடலும் தனித்தனியாக இல்லை, உடலே மரமாகிவிட்டது. கைகள் காய்ந்த கிளைகளைப்போல நீண்டிருக்கின்றன. மார்பு குழிந்து போயிருக்கிறது. முகம் இல்லை. பார்ப்பதற்குரிய அழகோ, விரும்பத்தக்க தோற்றமோ அவரிடம் இல்லை என்று எசாயா 53-இல் வருகிறதே, அந்த வசனத்தை வைத்துக்கொண்டு செய்தது.

1951-இல் ஆன்ஜே நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் இதன் படத்தை அச்சடித்துக் கொடுத்து, கடவுளின் மாட்சிக்கு இழுக்கு என்றார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அன்னேசி ஆயர் அதைப் பீடத்திலிருந்து எடுக்கச் செய்தார். மறுபடி பீடத்துக்கு வந்தது 1969-இல்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எடுத்தது தவறு. எத்தனையோ இரவுகளில் நான் துடைத்து, புரட்டி, போர்த்திய உடல் அது. விலா எலும்பு எண்ணும்படி, தோள் முன்னுக்கு வந்து, முகத்தைப் பார்க்கவே மனம் வராதபடி கிடந்த ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகக் கட்டிய கோவிலில் அவர்களைப் போன்ற ஆண்டவரை வைத்தார்கள். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

உபதேசியார் பேரன் எழுதியது:

அம்மா, உங்கள் சேவைக்கு என் வணக்கம். ஆனால் உங்கள் முடிவை ஏற்க முடியவில்லை. காரணத்தை நிதானமாகச் சொல்கிறேன்.

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் கோவிலில் பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்ய நடு வாசல்வரை வரிசை நிற்கும். கைக்குழந்தையைத் தூக்கி வந்து அதன் வாயை ஆண்டவரின் பாதத்தில் வைப்பார்கள். அந்த மக்கள் யாரும் சிற்பம் பார்க்க வரவில்லை. தங்களைப் பார்க்கிற ஒருவரைப் பார்க்க வருகிறார்கள். முகம் இல்லாத ஒன்று என்னை எப்படிப் பார்க்கும்? மனுவுருவானார் என்பது நம் விசுவாசத்தின் அச்சாணி. கடவுளுக்கு முகம் கிடைத்தது என்பதுதான் அதன் பொருள். கிடைத்த முகத்தை ஒரு சிற்பி திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

நோயாளிகள் ஏற்றுக்கொண்டார்கள் என்று அந்தக் கோவில் சாமியார் சொன்னதாக நானும் படித்திருக்கிறேன். சொன்னவர் அதை வைத்தவர் அல்லவா?

எதிர்த்தவர்களை எல்லாம் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடுவார்கள். அஸ்ஸியைக் கண்டித்து 1951-இல் வத்திக்கான் நாளிதழில் எழுதியவர் பேராயர் செல்சோ கொஸ்தந்தீனி. அவர் யார் தெரியுமா? 1922 முதல் சீனாவில் திருத்தந்தையின் பிரதிநிதியாக இருந்து, கோவில்களை ஐரோப்பிய அச்சில் வார்க்காதீர்கள், சீன மரபில் கட்டுங்கள், சீன ஓவியனை வரையச் சொல்லுங்கள் என்று போராடியவர். புதுமைக்குப் பயந்தவர் அல்ல. ஒரு மக்கள் கூட்டத்தின் கண்ணுக்கு ஆண்டவர் ஆண்டவராகத் தெரியவேண்டும் என்றுதான் சீனாவிலும் சொன்னார், அஸ்ஸி இருக்கும் சவோயிலும் சொன்னார்.

இன்னொன்று என் சொந்த வலி. எங்கள் ஊர்க் கோவிலின் பழைய பீடம் தேக்கில் செதுக்கி, பொன் பூசியது. மூன்று மாடம், இரண்டு பக்கமும் சம்மனசுகள், அதாவது வானதூதர்கள். என் தாத்தா உபதேசியாராக இருந்த காலத்தில் ஒவ்வொரு தவக்காலத்துக்கு முன்னும் அதைத் துடைப்பது எங்கள் குடும்பத்து வேலை. 1970-களில் ஒரு நாள், புதிய திருவழிபாட்டுக்கு இது பொருந்தாது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். இறக்கிய பலகைகள் சமையற்கட்டுக்குப் போயின. இடத்தில் ஒரு சிமெண்ட் மேசை வந்தது. ஒரு சம்மனசை மட்டும் தாத்தா துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். நவீனத் திருக்கலை என்று யாராவது பேசத் தொடங்கினால் எனக்கு அந்த அடுப்புதான் நினைவுக்கு வருகிறது.

தாழ்வாரம் எழுதியது:

கட்டடக் கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்களுக்குப் பிரான்சின் ரோன்ஷாம் கோவில் பற்றி மட்டும்தான் பாடம் நடத்தினார்கள். சண்டிகரைத் திட்டமிட்ட லெ கொர்பூசியே கட்டியது. அதுவும் இதே இயக்கமா? கத்தோலிக்கரல்லாத ஒருவர் கட்டிய கோவில் என்றால், பேரன் ஐயா அதையும் எதிர்க்கிறாரா?

இரவுப்பணி எழுதியது:

ஆமாம் தம்பி, அதே கூத்தூரியேதான். அந்த வேலையை எடுக்கத் தயங்கிய லெ கொர்பூசியேயிடம் பேசியவர்களில் அவரும் ஒருவர். கோவில் 1955 ஜூன் 25-இல் திறந்தபோது பார்க்கக் கூத்தூரியே இல்லை, 1954 பிப்ரவரியில் இறந்துவிட்டார்.

பேரன் ஐயாவுக்கு: பீடத்தை அடுப்பில் வைத்தவர்களை நான் ஆதரிக்கவில்லை. அவர்கள் ரிஷியேயைப் பார்த்து அதைச் செய்யவும் இல்லை. ஆனால் முகத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அங்கே நான் நிற்கிறேன். ஈசன்ஹைம் பீடத்தின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இப்போது கொல்மார் நகரில் இருக்கிறது. குரூனெவால்ட் 1510-களில் தீட்டியது. அந்தோனியார் நெருப்பு என்ற நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொண்ட துறவிகளின் மருத்துவ மனைக்காக. கெட்டுப்போன கம்பு தானியத்தால் வருகிற நோய் அது, கை கால் கறுத்து அழுகும். அந்த ஓவியத்தில் ஆண்டவரின் தோல் முழுவதும் புண். விரல்கள் வலிப்பு வந்தவனுடையவை போல விறைத்திருக்கின்றன. ஐந்நூறு ஆண்டுக்கு முன்னால் திருச்சபை தன் நோயாளிகளிடம், இவர் உன்னுடைய நோயையே அணிந்திருக்கிறார் என்று காட்டியது. அப்போது மாட்சிக்கு இழுக்கு வரவில்லையா?

உபதேசியார் பேரன் எழுதியது:

நல்ல உதாரணம் அம்மா. ஆனால் அது என் பக்கம்தான் சாய்கிறது. குரூனெவால்டின் ஆண்டவருக்கு முகம் இருக்கிறது. தலை சாய்ந்து, உதடு நீலம் பாரித்து, ஆனால் முகம். அதோடு அந்தப் பீடம் கதவுகள் வைத்த பீடம். சிலுவைக் கதவைத் திறந்தால் உள்ளே உயிர்த்த ஆண்டவர் சூரியனைப்போல எழுந்து நிற்கிறார், தோலில் ஒரு புண் இல்லை, ஐந்து காயங்களில் ஒளி. திருநாள் வந்தால் அந்தக் கதவைத் திறப்பார்கள். நோயாளிக்கு இரண்டையும் காட்டினார்கள். ரிஷியேயின் வெண்கலத்துக்குக் கதவு எங்கே?

தம்பி தாழ்வாரத்துக்கு: ரோன்ஷாமை நான் எதிர்க்கவில்லை. நீ வியப்பாய். 1944 சண்டையில் அந்தக் குன்றின் மேலிருந்த பழைய கோவில் இடிந்தது. பழைய மாதா சுரூபம் தப்பியது. லெ கொர்பூசியே அந்தச் சுரூபத்தைக் கிழக்குச் சுவரில் ஒரு கண்ணாடிக் கூட்டில் வைத்தார். உள்ளே பூசை என்றால் உள்பக்கம் திரும்பும், வெளியே புல்வெளியில் பெருங்கூட்டத்துக்குப் பூசை என்றால் வெளிப்பக்கம் திரும்பும். திருயாத்திரை என்றால் என்ன என்று தெரிந்தவன் செய்த வேலை அது. அவர் ஞாயிறு பூசைக்குப் போனாரா என்று நான் கேட்கமாட்டேன். அங்கே மக்களின் மாதா மக்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

கல்தச்சன் எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கட்டுமானப் பொறியாளன் நான், பழைய கோவில்களைச் சீர்செய்வது தொழில். இருவரும் பொருள்களைப் பற்றியே பேசுகிறீர்கள். சுரூபம், திரை, கண்ணாடி. கோவில் எங்கே?

அஸ்ஸியின் பெரிய குறை ரிஷியே அல்ல. நொவாரினா கட்டியது மலைநாட்டுக் கல்லில் ஒரு நல்ல, அடக்கமான கட்டடம். அதற்குள் ஒரு தலைமுறையின் புகழ்பெற்ற பெயர்களை எல்லாம் ஒவ்வொரு மூலையாக வைத்தார்கள். ஒன்றோடு ஒன்று பேசவில்லை. லெஜேயின் மஞ்சளும் சிவப்பும் முகப்பில் கத்துகின்றன, உள்ளே போனால் ருவோவின் இருட்டு. கண்காட்சி போல நடந்து நடந்து பார்க்கிற இடமாகிவிட்டது. மேதைகளைக் கூப்பிடுவது எப்படி என்று கூத்தூரியேக்குத் தெரிந்திருந்தது, ஒரு சபை எப்படிக் கூடி நிற்கவேண்டும் என்ற கேள்வியை அவர் அங்கே கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஜெர்மனியில் இருந்தார்கள். கட்டடக் கலைஞர் ருடால்ஃப் ஷ்வார்ட்ஸ் 1928-இலேயே, ரோத்தன்ஃபெல்ஸ் கோட்டையில் ரொமானோ குவார்தீனி சாமியாரோடு சேர்ந்து, ஒரு மண்டபத்தை வெள்ளையடித்து, முக்காலி போன்ற நூறு எளிய கறுப்பு இருக்கைகளைப் பீடத்தின் மூன்று பக்கமும் போட்டுத் திருப்பலி எப்படி மாறுகிறது என்று பார்த்தார். ஒரு மேசை, மேசைமேல் அப்பமும் கிண்ணமும், சுற்றி மக்கள், அவர்களைச் சூழ்ந்து சுவர். இதிலிருந்து தொடங்கு என்றார். அவர் விசுவாசி, திறமையும் இருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கூத்தூரியே போட்ட கணக்கு பிரான்சுக்குப் பொருந்தியிருக்கலாம். ஜெர்மனியில் அது பொய்த்துவிட்டது.

டியூரன் நகரம் 1944 நவம்பர் 16 பிற்பகலில் குண்டுவீச்சில் தரைமட்டமானது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் இறந்தார்கள். புனித அன்னாள் கோவிலும் போயிற்று. 1950-களில் ஷ்வார்ட்ஸ் அதே இடத்தில் புதிய அன்னாள் கோவிலை எழுப்பினார், பழைய கோவிலின் இடிந்த கற்களாலேயே. பீடத்தருகே உயர்ந்து நிற்கும் அந்தப் பெரிய கற்சுவரில் சுரூபம் கிடையாது, பூச்சு கிடையாது. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்த ஒவ்வொருவனுக்கும் அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று தெரியும். தன் ஞானஸ்நானத்தையும், தாயின் அடக்கப் பூசையையும் பார்த்த கல். முகம் வேண்டும் என்கிறீர்களே ஐயா, அந்த ஊருக்கு முகம் அந்தச் சுவர்தான்.

கொலோனில் இன்னும் சிறியது ஒன்று. புனித கொலம்பா கோவில் பெரும்பாலும் இடிந்து, ஒரு தூணில் ஒட்டியிருந்த பழைய கன்னி மரியா சிலை தப்பி நின்றது. அதைச் சுற்றி ஒரு கூடாரத்தைப்போல எண்கோணச் சிற்றாலயம் கட்டினார் கோட்ஃப்ரீட் பேம், தொடங்கியபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. இடிபாடுகளின் மாதா என்று பெயர். 1950-இல் முடிந்தது. அஸ்ஸியின் அதே ஆண்டு.

இரவுப்பணி எழுதியது:

கல்தச்சன் ஐயா, டியூரன் பற்றி எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அஸ்ஸி கண்காட்சி என்றால், தெற்குப் பிரான்சில் வான்ஸ் ஊரின் சிற்றாலயம் என்ன? அங்கே எல்லாமே ஒரே கை. ஓவியர் மத்தீஸின் கை. வயிற்று அறுவைக்குப் பிறகு 1942-இல் அவரைப் பார்த்துக்கொண்ட இளம் செவிலி பின்னால் தொமினிக்கன் கன்னியர் சபையில் சேர்ந்தார், ஜாக்-மரி என்ற பெயரில். அவர் வழியாகத்தான் கன்னியர்களின் சிற்றாலயம் மத்தீஸின் கைக்கு வந்தது. கண்ணாடி, சுவர், பீடம், பாடுபட்ட சுரூபம், சாமியார் அணியும் பூசை உடுப்பு வரை அவரே வரைந்தார். 1951 ஜூன் 25-இல் அர்ச்சித்தார்கள். ரொட்டியின் நிறம் இருக்கவேண்டும் என்று பார்த்து எடுத்த கல்லில் பீடம். அதைச் சாய்வாகப் போட்டதால் சாமியார் கன்னியர்களையும் மக்களையும் ஒருசேரப் பார்க்க முடிந்தது. திருவழிபாட்டைச் சீர்திருத்திய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கூடுவதற்குப் பதினோரு ஆண்டுக்கு முன்னால்! கூடி நிற்பது பற்றி யாரும் கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

அங்கே புனித தொமினிக்குக்கும் முகம் கிடையாது, பேரன் ஐயா. வெள்ளை ஓட்டில் கறுப்புக் கோடு, முகத்துக்கு வெறும் வட்டம். சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளும் ஒரே சுவரில், நடுங்கும் கையால் கிறுக்கியது போல. கண்ணாடியின் நீலமும் பச்சையும் மஞ்சளும் நகர்ந்து வந்து அந்த வெறும் வட்டத்தின்மேல் விழும்போது நான் அழுதேன்.

கல்தச்சன் எழுதியது:

வான்ஸ் பற்றி ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னதில் அவசரம் இருந்தது. ஒரே மனம் ஒரே அறையை நினைத்துச் செய்த வேலை அது. அதனால்தான் நிற்கிறது.

ரோன்ஷாமும் அப்படித்தான். சுவர்களுக்குள் பழைய கோவிலின் கல்லையே நிரப்பினார் லெ கொர்பூசியே, டியூரனைப்போல. கூரை இரண்டு மெல்லிய கான்கிரீட் ஓடுகள், ஒவ்வொன்றும் ஆறு சென்டிமீட்டர்தான். அது சுவரில் அமரவில்லை, சுவருக்குள் மறைந்த தூண்களில் நிற்கிறது. சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லாத இடைவெளியில் வெளிச்சக் கோடு ஓடுகிறது. அவ்வளவு கனமான கூரை மிதக்கிறது. குன்றின்மேல் தண்ணீர் இல்லை என்பதால் கூரையில் விழும் மழையை எல்லாம் பின்பக்கம் ஒரு தூம்பின் வழியாகத் தொட்டிக்கு இறக்கினார். தம்பி, உன் பாடத்தில் வடிவத்தைச் சொல்லியிருப்பார்கள். தூம்பைக் கேட்டுப் படி.

ஆனால் அதன் பின்னால் வந்த நகல்களை நினைத்தால் வயிறு எரிகிறது. மேதை வளைத்த கூரையை மேதை இல்லாதவர்கள் எல்லா ஊரிலும் வளைத்தார்கள். ஒழுகியது. லிவர்பூல் பேராலயம், 1967-இல் திறந்தது, கிப்பர்ட் கட்டியது, ஜான் பைப்பரும் ரெய்ன்டியன்ஸும் செய்த கண்ணாடிக் கோபுரம் பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் கூரை ஒழுகி, ஒட்டிய மொசைக் கழன்று, வழக்குவரை போயிற்று. பேம் 1968-இல் முடித்த, ஜெர்மனியின் நெவிகெஸ் திருத்தலம் கான்கிரீட்டில் ஒரு மலை, நான் பார்த்த கோவில்களில் மிகப் பெரிய மௌனம் அதற்குள்தான். அதன் கூரையும் விரிசல் விட்டது, அண்மையில்தான் மேலே புதிதாக ஒரு மெல்லிய கான்கிரீட் அடுக்கு போட்டுக் காப்பாற்றினார்கள். பார்வை மங்கிப்போயிருந்த கொலோன் கர்தினால் ஃபிரிங்ஸ் அந்த மாதிரியைக் கையால் தடவிப் பார்த்துத் தேர்ந்தார் என்று சொல்வார்கள். கையால் தேர்ந்தவர் மழையைப் பற்றியும் கேட்டிருக்கலாம்.

உபதேசியார் பேரன் எழுதியது:

டியூரன் சுவரைப் பற்றி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஐயா. அங்கே ஊர் தன் கல்லைத் தூக்கிவந்து வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் ஊரின் பலகையை எரித்தார்கள். நான் கேட்பது அந்த வேறுபாட்டைத்தான்.

சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம், ஏனென்றால் எங்கள் பீடத்தை இறக்கியபோது பொதுச்சங்கம் சொல்லிவிட்டது என்றுதான் சொன்னார்கள். 1963 டிசம்பர் 4-இல் வந்த திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் 123-ஆம் எண், எந்த ஒரு கலைப் பாணியையும் திருச்சபை தனக்கே உரியதென்று வைத்துக்கொண்டதில்லை என்கிறது. 124-ஆம் எண், வெறும் ஆடம்பரத்தைவிட மாண்புள்ள அழகைத் தேடுங்கள் என்கிறது. அதே எண்ணில், பக்திக்கு ஊறு செய்யும் சிதைந்த வடிவங்களை ஆயர்கள் கோவிலிலிருந்து அகற்றவேண்டும் என்றும் இருக்கிறது. அன்னேசி ஆயர் பன்னிரண்டு ஆண்டு முன்னதாகச் செய்தது அதைத்தான். 1964-இல் வந்த நடைமுறை ஆவணம், முதன்மைப் பீடம் சுவரிலிருந்து விலகி, சுற்றி வர இயலும்படி இருப்பது நல்லது என்றது. நல்லது என்றது. பழையதை உடை என்று ஒரு வரி இல்லை.

இரவுப்பணி எழுதியது:

124-ஐ முழுவதும் படியுங்கள் ஐயா. சிதைந்த வடிவம் மட்டும் அல்ல, தரமில்லாதது, அரைகுறையானது, போலியானது, இவையும் அகற்றவேண்டிய பட்டியலில் இருக்கின்றன. 1952 ஜூன் 30-இல் உரோமையின் திருப்பணிப் பேராயம் அஸ்ஸியை மனதில் வைத்துக் கொடுத்த கண்டிப்பான அறிவுரையிலும், அச்சில் வார்த்த மலிவுச் சுரூபங்களைப் பீடத்தில் குவிக்காதே என்று ஒரு பகுதி உண்டு. அதன்பிறகும் ரிஷியேயைப் பீடத்துக்குத் திரும்ப விடவில்லை. பாரிசில் சேன் சுல்பிஸ் கோவிலைச் சுற்றிய கடைகளில் வாங்கிய, ரோஜாக் கன்னமும் நீல அங்கியுமாய் உலகம் முழுக்கப் போன சாந்துச் சுரூபங்களை யார் இறக்கினார்கள்? சட்டத்தின் ஒரு கை மட்டும் வேலை செய்தது.

தாழ்வாரம் எழுதியது:

அந்தச் சாந்துச் சுரூபங்களில் ஒன்றின் முன்னால்தான் என் பாட்டி தினமும் செபமாலை சொல்கிறார். அதை இறக்கவேண்டும் என்றால் எனக்கு மனம் வராது, அம்மா.

இரவுப்பணி எழுதியது:

எனக்கும் வராது, தம்பி. சரியான இடத்தில் பிடித்தாய். உன் பாட்டியிடமிருந்து எடுக்கக்கூடாது என்றால், அஸ்ஸியில் படுத்திருந்தவர்களிடமிருந்தும் எடுக்கக்கூடாது. நான் சொல்வது அவ்வளவுதான்.

கல்தச்சன் எழுதியது:

பேரன் ஐயாவுக்கு ஒன்று. அஸ்ஸியை விட்டுவிட்டு பிரான்சிலேயே இருக்கும் ஓதான்கூர் கோவிலைப் பாருங்கள். அதே நொவாரினா, அதே கூத்தூரியே வட்டம், 1951. தொழிலாளர் ஊர். சுவரின் மேற்பகுதியில் கூடத்தைச் சுற்றிப் பதினேழு கண்ணாடிகள், லெஜே வரைந்தவை. தடித்த கண்ணாடித் துண்டுகளைக் கான்கிரீட்டில் பதித்த முறை. அவற்றில் ஆண்டவரின் உருவமே இல்லை. ஆணி, சுத்தியல், பகடை, தைக்காத அங்கி, முள்முடி, ஐந்து காயங்கள். பாடுகளின் கருவிகள். வரைந்தவர் கம்யூனிஸ்ட்தான். சுத்தியலை அவரைவிட யார் நன்றாக வரைவார்கள்? பட்டறையிலிருந்து வந்த ஆள் தலை நிமிர்ந்தால் தன் கைக்குப் பழகிய பொருள் சிவப்பில் எரிகிறது.

உபதேசியார் பேரன் எழுதியது:

படங்களைத் தேடிப் பார்த்தேன். நேற்று இரவு வெகுநேரம் பார்த்தேன்.

எங்கள் பழைய பீடத்தின் அடிப்பலகையிலும் அவைதான் செதுக்கியிருந்தன. சுத்தியல், குறடு, ஏணி, பகடை, சேவல். தாத்தா என் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டித்தான் பாடுகளின் வரலாற்றைச் சொல்லிக்கொடுத்தார். முகத்தை அவர் தொடச் சொன்னதில்லை, எட்டாது. அறுபது ஆண்டுக்குப் பிறகு இப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. ஓதான்கூரை நான் ஏற்கிறேன், முழு மனதோடு.

ரிஷியே பற்றி என் எண்ணம் மாறவில்லை. எங்கள் கோவில் பீடத்தில் அதை வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். ஆனால் இரவுப்பணி அம்மாவிடம் ஒரு தவறை ஒப்புக்கொள்ளவேண்டும். சாமியார் சொன்னதை நம்பலாமா என்று கேட்டேன். அப்படிக் கேட்ட நான், ஆயர் ஏன் வார்டுக்குப் போய்க் கட்டிலருகே நின்று கேட்கவில்லை என்று ஒருமுறையும் கேட்கவில்லை. முத்தி செய்கிறவர்களின் பெயரால்தான் நான் பேசத் தொடங்கினேன். அங்கே முத்தி செய்கிறவர்கள் அவர்கள்தான்.

இரவுப்பணி எழுதியது:

நன்றி ஐயா. நீங்கள் கேட்ட கதவைப் பற்றி நானும் யோசித்தேன். ரிஷியேக்குக் கதவு இல்லைதான். அந்தக் கோவிலில் அதற்குப் பின்னால் லூர்சாவின் திரை தொங்குகிறது, திருவெளிப்பாட்டின் பெண்ணும் பறவைநாகமும். உயிர்ப்பு அங்கே இல்லை. அந்த வார்டுகளில் பலருக்கும் அதைச் சொல்ல நேரம் இருந்ததில்லை. உங்கள் கேள்வி என்னிடமே இருக்கட்டும்.

கல்தச்சன் எழுதியது:

ஐயா, அந்தச் சம்மனசு இன்னும் உங்களிடம் இருக்கிறதா? அளவும் நான்கு பக்கமும் எடுத்த படமும் அனுப்புங்கள். பின்பக்கத்தில் முளையோ துளையோ இருந்தால் அதையும் தனியாக எடுங்கள். எந்த மாடத்தில், எவ்வளவு உயரத்தில் பொருத்தியிருந்தார்கள் என்று அதை வைத்துக் கணிக்க முடியும். சிமெண்ட் பீடத்தை ஒன்றும் செய்யவேண்டாம். அதன் பின்சுவரில் அந்தப் பழைய இடத்தைக் கண்டுபிடித்தால், அங்கே ஒரு கல் தாங்கி போட்டு அதைத் திரும்ப நிறுத்தலாம். உங்கள் பங்குச் சாமியாரிடம் பேச வரைபடம் நான் போட்டுத் தருகிறேன்.

உபதேசியார் பேரன் எழுதியது:

இருக்கிறது. உயரம் பதினாலு அங்குலம். இடப்பக்கச் சிறகு பாதியில் முறிந்திருக்கிறது, முறிந்த துண்டும் அதே துண்டில்தான் சுற்றியிருக்கிறது. பின்னால் சதுரமாக ஒரு துளை, சுண்டுவிரல் நுழைகிற அளவு. பகலில் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது படம் எடுத்து அனுப்புகிறேன்.